கடற்பஞ்சை இனம் காண்பது எப்படி? புதியவர்களுக்கான படிப்படியான வழிகாட்டி

கடற்பஞ்சுக்குப் பெயர் கண்டுபிடிக்க உட்காருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சிக்குகிறார்கள். புட்டியில் மாதிரி இருக்கும். அது வெளுத்து, சுருங்கி, பழைய துணித்துண்டு போலக் கிடக்கும். உயிரோடு இருந்தபோது என்ன நிறம், அழுத்தினால் மீண்டும் எழும்பியதா, வெட்டியபோது சளி வடிந்ததா என்று எதுவும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். இன்னொரு பக்கம், அழகான நிழற்படம் மட்டும் இருக்கும், மாதிரியே இருக்காது. இரண்டிலுமே வேலை பாதியில் நின்றுவிடும்.

இதைத் தவிர்க்க ஒரு விதி போதும்: எது முதலில் மறையுமோ அதை முதலில் பதிவு செய்யுங்கள். நிறமும் மணமும் சில நிமிடங்களில் மாறலாம். தொட்டுணரும் தன்மை எத்தனாலில் போட்டதும் போய்விடும். ஸ்பிக்யூல் எனப்படும் நுண்முட்களோ முறையாகப் பாதுகாத்தால் பல தலைமுறைக்கு இருக்கும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் உள்ளன.

1. கடலில் இறங்கும் முன்: அனுமதியும் எண் வரிசையும்

பல நாடுகளில் கடற்பஞ்சைச் சேகரிக்க எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி என்றால் தனி அனுமதி கேட்பார்கள். மாதிரி வேறு நாட்டு ஆய்வகத்துக்குப் போவதாக இருந்தால், மரபுவளங்களை அணுகுவது பற்றிய நகோயா நெறிமுறையின் கீழ் ஆவணங்கள் தேவைப்படலாம். அது 2014 முதல் நடைமுறையில் இருக்கிறது. அனுமதி கைக்கு வரப் பல வாரங்கள் ஆகலாம் என்பதால் பயணத் தேதியைக் குறிக்கும் முன்பே விண்ணப்பியுங்கள். அனுமதி இல்லாமல் எடுத்த மாதிரியை நல்ல அருங்காட்சியகங்கள் ஏற்பதில்லை, அதை வைத்து எழுதும் கட்டுரையும் சிக்கலில் மாட்டும்.

எண் வரிசையை வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு மாதிரிக்கு ஒரே எண். நிழற்படம், குறிப்பேடு, புட்டி, கண்ணாடி ஸ்லைடு எல்லாவற்றிலும் அதே எண் வர வேண்டும். லேபிளைத் தடித்த பருத்தித் தாளில் பென்சிலால் எழுதிப் புட்டிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும், வெளியே ஒட்டிய லேபிள் உரிந்துவிடும். எண் தொலைந்த மாதிரியால் எந்தப் பயனும் இல்லை.

2. இது கடற்பஞ்சுதானா?

அவசரப்பட்டு வெட்டாதீர்கள். கடற்பஞ்சு என்று நினைத்து எடுத்து வருவதில் கணிசமானவை வேறு உயிரிகள். அதிகம் ஏமாற்றுவது கூட்டு அசிடியன்கள் (பல சிற்றுயிர்கள் ஒன்றாக ஒட்டி வாழும் கடலுயிரிகள்), அதிலும் குறிப்பாக டைடெம்னிட் குடும்பம். பாறைமேல் மெல்லிய வண்ணப் படலமாக, நடுநடுவே திறப்புகளோடு, பார்க்க அப்படியே படர்ந்து வளரும் கடற்பஞ்சு போலவே இருக்கும். விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். அசிடியனின் திறப்புகள் சட்டென மூடிக்கொள்ளும். சில கடற்பஞ்சுகளும் சுருங்கும் என்றாலும் மிக மெதுவாகத்தான். அசிடியனின் மேற்பரப்பு வழுக்கும், கைக்கண்ணாடியில் பார்த்தால் உள்ளே சிறு உயிரிகள் வரிசையாகப் பதிந்திருப்பது தெரியும்.

மென்பவளத்தில் எட்டு உணர்நீட்சிகள் கொண்ட பாலிப்புகள் இருக்கும். சுருங்கியிருந்தால் சற்றுக் காத்திருங்கள், விரியும். பிரயோசோவா என்ற கூட்டு உயிரிகளில் ஒழுங்கான சிறு அறைகள் தேன்கூடு போலத் தெரியும். கடற்பஞ்சில் இவை எதுவும் இருக்காது. மேலே நுண்துளைகள், ஆங்காங்கே நீர் வெளியேறும் பெரிய திறப்புகளான ஆஸ்குலங்கள், வெட்டினால் உள்ளே கிளைவிடும் கால்வாய்கள். இந்த மூன்றையும் தேடுங்கள்.

3. தொடும் முன்பும் தொட்ட பின்பும் எழுத வேண்டியவை

முதலில் நிழற்படம். அளவுகோலை அருகில் வைத்து, முழு உருவத்துக்கு ஒன்று, மேற்பரப்புக்கு நெருக்கமாக ஒன்று. தொட்டதும் ஆஸ்குலங்கள் சுருங்கும் வகைகள் உண்டு, ஆகவே படம் எடுத்த பிறகே கை வையுங்கள். ஆழம் கூடக் கூடச் சிவப்பு நிறம் மங்கிவிடும், விளக்கு இல்லாமல் எடுத்த படத்தின் நிறத்தை நம்ப வேண்டாம். வெட்டிய பிறகு உட்புறத்தையும் ஒரு படம் எடுங்கள். வெளியே ஊதா, உள்ளே மஞ்சள் என்று இரு நிறம் இருப்பது சாதாரணம்.

பிறகு எழுதுங்கள். உருவம்: பாறையில் மெல்லிதாகப் படர்ந்ததா, கட்டியா, உருண்டையா, கிளைகளா, குழாயா, கிண்ணமா, விசிறியா, அல்லது சிப்பிக்குள்ளும் பவளத்துக்குள்ளும் துளைத்துச் சென்று முனைகள் மட்டும் வெளியே தெரிகிறதா. மேற்பரப்பு: வழவழப்பா, முட்கள் நீட்டிய சொரசொரப்பா, கூம்புபோல் சிறு மேடுகளா, காம்புபோல் எழும்பிய புடைப்புகளா. ஆஸ்குலம்: விட்டம் எத்தனை மி.மீ., விளிம்பு உயர்ந்ததா, அதைச் சுற்றி நட்சத்திரம் போல வாய்க்கால் கோடுகள் ஓடுகின்றனவா.

தொட்டுணர்வதுதான் பலர் விட்டுவிடும் பகுதி, ஆனால் அதில்தான் தகவல் அதிகம். அழுத்தினால் அமுங்கி எழுகிறதா, அமுங்கியபடியே நிற்கிறதா, பிஸ்கட் போல நொறுங்குகிறதா, ரப்பர் போல எதிர்க்கிறதா, கல்போல் இருக்கிறதா? கான்ட்ரோசியா என்ற பேரினம் குருத்தெலும்பு போல வழுக்கலாகவும் கெட்டியாகவும் இருக்கும். இர்சினியாவைக் கையால் கிழிப்பது கடினம், உள்ளே மெல்லிய இழைகள் பின்னிக் கிடக்கும், நாற்றமும் பலமாக வரும். மைக்கேலி வகைகள் பல வெட்டியதும் சளி வடிக்கும். அப்லைசினா காற்றுப் பட்டதும் மஞ்சளிலிருந்து கருமையை நோக்கி மாறும். அதைப் பையில் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்ப்பவர் 'கருப்புக் கடற்பஞ்சு' என்று எழுதிவிடுவார்.

உறை இல்லாமல் தொடாதீர்கள். டெடானியா, நியோஃபிபுலேரியா போன்றவற்றைத் தொட்டால் தோல் சிவந்து பல நாள் எரியும். நச்சில்லாத கடற்பஞ்சின் ஸ்பிக்யூல்களும் கண்ணாடித் தூள் போல விரலில் ஏறும். அந்தக் கையால் கண்ணைத் துடைக்கவே கூடாது.

ஒரு எச்சரிக்கை. உருவத்தை எழுதுங்கள், ஆனால் அதை வைத்துப் பெயர் வைக்காதீர்கள். ஒரே இனம் அலை மோதும் பாறையில் தட்டையாகப் படர்ந்தும் அமைதியான நீரில் கிளைவிட்டும் வளரும். நிறமும் அப்படித்தான், நிழலில் வெளிறியும் வெளிச்சத்தில் அடர்ந்தும் இருக்கும்.

4. வெட்டுவதும் பாதுகாப்பதும்

முழு உயிரியையும் பிடுங்க வேண்டிய தேவை அநேகமாக வராது. ஓரத்திலிருந்து 2 அல்லது 3 செ.மீ. அளவுள்ள துண்டு போதும். அதில் மேல்தோலும் உட்பகுதியும் இரண்டுமே இருக்க வேண்டும். அடிப்பகுதியை விட்டுவைத்தால் காயம் ஆறி மீண்டும் வளர வாய்ப்பு உண்டு. மெல்லிய படலமாகப் படர்ந்திருந்தால் ஒட்டியுள்ள பாறைச் சில்லோடு சேர்த்துப் பெயர்த்தெடுங்கள்.

ஒவ்வொரு துண்டுக்கும் தனிப் பை. இரண்டை ஒரே பையில் போட்டால் ஒன்றின் ஸ்பிக்யூல் மற்றொன்றில் ஒட்டிக்கொள்ளும், பின்னால் நுண்ணோக்கியில் இல்லாத இனத்தைத் தேடி நாள்கணக்கில் அலைவீர்கள்.

கரைக்கு வந்ததும் 95 முதல் 96 விழுக்காடு எத்தனாலில் போடுங்கள். மாதிரி 1 பங்கு என்றால் எத்தனால் 10 பங்கு. கடற்பஞ்சு உடல் முழுக்கக் கடல்நீரைப் பிடித்து வைத்திருப்பதால் எத்தனால் உடனே நீர்த்துப்போகும், ஆகவே 24 மணி நேரத்துக்குள் ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். இந்த ஒன்றைச் செய்யாததால் அழுகிய மாதிரிகளே அதிகம். டி.என்.ஏ. ஆய்வுக்கென ஒரு சிறு துண்டைத் தனிக் குப்பியில், 96 விழுக்காட்டிலேயே வையுங்கள். ஃபார்மலின் வேண்டாம். அது நாளடைவில் அமிலமாகிச் சுண்ணாம்பு ஸ்பிக்யூல்களைக் கரைத்துவிடும், டி.என்.ஏ.வையும் கெடுத்துவிடும்.

5. வினிகர் சோதனை: எந்த வகுப்பு?

இன்று ஏற்கப்பட்ட கடற்பஞ்சு இனங்கள் 9,000க்கும் மேல், வகுப்புகளோ நான்கே. கல்கேரியாவின் ஸ்பிக்யூல்கள் சுண்ணாம்பால் ஆனவை, பெரும்பாலும் மூன்று கதிர் கொண்டவை. உயிரி சிறியது, பலவும் வெண்மை. ஹெக்சாக்டினெல்லிடா கண்ணாடிக் கடற்பஞ்சுகள், ஆறு கதிர் சிலிக்கா ஸ்பிக்யூல்கள் கொண்டவை, பெரும்பாலும் ஆழ்கடலில் வாழ்பவை. ஹோமோஸ்கிளெரோமார்ஃபா சிறிய வகுப்பு. இதில் ஸ்பிக்யூல் இருந்தால் அனேகமாக 100 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவு, ஆஸ்கரெல்லா போன்றவற்றில் ஸ்பிக்யூலே கிடையாது. மற்றவை எல்லாம், அதாவது பத்தில் எட்டுக்கும் மேல், டெமோஸ்பாஞ்சியே. கடலோரத்தில் உங்கள் கைக்கு வருவது பெரும்பாலும் இதுதான்.

அரிசி அளவு துண்டைச் ஸ்லைடில் வைத்து, ஒரு சொட்டு வினிகர் விட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். ஸ்பிக்யூல்களிலிருந்தே குமிழ் கிளம்பி அவை கரைந்தால் சுண்ணாம்பு. கரையாமல் நின்றால் சிலிக்கா. துண்டில் ஒட்டிய சிப்பித் தூளும் பவள மணலும்கூடக் குமிழ் விடும், ஆகவே குமிழ் எங்கிருந்து வருகிறது என்று கவனியுங்கள். டைடெம்னிட் அசிடியனிலும் சுண்ணாம்பு முட்கள் உண்டு, ஆனால் அவை நெருஞ்சிக்காய் போல உருண்டையாகச் சுற்றிலும் கூர் நீட்டி நிற்கும். நுண்ணோக்கியில் குறுக்காக வைக்கும் துருவத் தகடுகள் இருந்தால் இன்னும் எளிது. சுண்ணாம்பு ஸ்பிக்யூல் ஒளிரும், சிலிக்கா இருண்டே இருக்கும்.

6. ஸ்பிக்யூலைப் பிரித்தெடுப்பது

தேவையானவை: வீட்டு பிளீச் (சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்), சிறு சோதனைக்குழாய்கள், வடிநீர், எத்தனால், ஒருமுறை பயன்படுத்தும் பிப்பெட்டுகள், ஸ்லைடு, கவர் ஸ்லிப், பதிக்கும் பிசின். பணத்தைச் செலவிட வேண்டிய இடம் நுண்ணோக்கிதான்: 10 மடங்கு, 40 மடங்கு பொருளருகு வில்லைகளும், கண்ணருகு வில்லையில் அளவுகோலும் இருக்க வேண்டும். மின்னணு நுண்ணோக்கி பிற்பாடு தேவைப்படலாம். பேரினம் வரை செல்ல அது இல்லாமலே முடியும்.

மேல்தோலும் உட்பகுதியும் சேர்ந்த 2 முதல் 3 மி.மீ. துண்டை வெட்டுங்கள். எத்தனாலில் இருந்த மாதிரி என்றால் தண்ணீரில் நன்கு அலசி ஒற்றியெடுத்த பிறகே பிளீச்சில் போடுங்கள்; இரண்டும் கலந்தால் தீங்கான சேர்மங்கள் உருவாகும். பிளீச்சோடு அமிலமும் சேரவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். ஆகவே வினிகர் சோதனை செய்த துண்டை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். சன்னல் திறந்திருக்கட்டும், குழாயை இறுக மூடாதீர்கள்.

மென்மையான கடற்பஞ்சு அரை மணியில் கரைந்துவிடும். ஸ்பாஞ்சின் என்ற புரத நார் மிகுந்தவற்றை இரவு முழுக்க விட வேண்டும். அடியில் வெண்ணிறப் படிவு தெரிந்ததும் மேல்நீரைப் பிப்பெட்டால் எடுத்து, வடிநீர் விட்டு, மறுபடி படிய விடுங்கள். நான்கு முறை செய்யுங்கள், கடைசி இரண்டு முறை எத்தனாலில். ஒவ்வொரு முறையும் குறைந்தது 20 நிமிடம் காத்திருங்கள். புதியவர்கள் பொறுமை இழப்பது இங்கேதான். 10 அல்லது 20 மைக்ரான் அளவுள்ள நுண்ஸ்பிக்யூல்கள் கடைசியில்தான் படியும். அவசரமாக ஊற்றினால் அவை நீரோடு போய்விடும், 'நுண்ஸ்பிக்யூல் இல்லை' என்று தவறாக எழுதிவிடுவீர்கள். அலசல் போதாவிட்டால் ஸ்லைடு உலரும்போது உப்புப் படிகங்கள் ஊசி ஊசியாக நின்று ஏமாற்றும்.

பிறகு ஒரு சொட்டைச் ஸ்லைடில் விட்டு, உலர்த்தி, பிசினும் கவர் ஸ்லிப்பும் வைத்து, உடனே எண் எழுதுங்கள். ஒரு பிப்பெட் ஒரு மாதிரிக்கு மட்டுமே.

7. ஸ்பிக்யூலைப் படிப்பது

ஸ்பிக்யூல்கள் இரு அளவு வகை. உடலைத் தாங்கும் பெரியவை பொதுவாக 100 மைக்ரானுக்கு மேல். திசுவில் சிதறிக் கிடக்கும் சிறியவை பொதுவாக 10 முதல் 100 மைக்ரான். பெரியவற்றில் முதலில் இரு முனைகளையும் பாருங்கள். இரண்டும் கூர் என்றால் ஆக்சியா. இரண்டும் உருண்டை என்றால் ஸ்ட்ராங்கைல். ஒன்று கூர், ஒன்று உருண்டை என்றால் ஸ்டைல். உருண்டை முனை குண்டூசித் தலை போலப் புடைத்திருந்தால் டைலோஸ்டைல். நீண்ட காம்பின் ஒரு முனையில் மூன்று கிளை விரிந்தால் ட்ரையீன். முள் முளைத்த ஸ்டைல் அகான்தோஸ்டைல். சிறியவற்றில் வளைந்த கொக்கி சிக்மா, வில் போன்றது டாக்சா, நங்கூரம் போல இரு முனையிலும் பல் கொண்டது கீலா, நட்சத்திரம் ஆஸ்டர்.

இவற்றின் சேர்க்கைதான் வழிகாட்டும். கீலா கண்டால் கேள்வியே இல்லை, போயிசிலோஸ்கிளெரிடா வரிசை (வகுப்புக்கு அடுத்த கீழ்ப்பிரிவு). அந்தக் கீலாவின் இரு முனையும் சமமில்லாமல், கூடவே தலை லேசாகப் புடைத்த ஸ்டைல்களும் இருந்தால் மைக்கேலியைப் பாருங்கள். ட்ரையீனும், வெளித்தோலில் நெருங்கி நிற்கும் பந்து வடிவ நுண்ஸ்பிக்யூலான ஸ்டெராஸ்டரும் சேர்ந்தால் ஜியோடியா. உருண்டை உடல், மையத்திலிருந்து கதிராகப் பாயும் ஸ்பிக்யூல்கள், கூடவே ஆஸ்டர்கள் என்றால் டெத்தியா. சுண்ணாம்புக்குள் துளைத்து வாழ்ந்து டைலோஸ்டைல் கொண்டிருந்தால் கிளையோனா. சிக்மாவை மட்டும் நம்பிப் போகாதீர்கள், அது தொடர்பில்லாத பல வரிசைகளில் இருக்கிறது.

அளவிடும் முன் கண்ணருகு அளவுகோலைச் சரிபாருங்கள். 1 மி.மீ.யை 100 பிரிவாக வகுத்த அளவுச் ஸ்லைடில் ஒரு பிரிவு 10 மைக்ரான். உங்கள் அளவுகோலின் 40 பிரிவு 100 மைக்ரானுக்குச் சமமானால் ஒரு பிரிவு 2.5 மைக்ரான். ஒவ்வொரு வில்லைக்கும் இந்தக் கணக்கைத் தனியாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு ஸ்பிக்யூல் வகையிலும் குறைந்தது 25 எண்ணிக்கை அளந்து, நீளத்துக்கும் தடிமனுக்கும் சிறுமம், சராசரி, பெருமம் மூன்றையும் எழுதுங்கள். இரு முனையும் முழுதாகத் தெரிபவற்றையே அளக்க வேண்டும். உடைந்த ஆக்சியா ஸ்டைல் போலத் தோன்றும். மிக மெல்லியவை பெரும்பாலும் வளர்ந்து முடியாதவை, அவற்றைத் தனி வகையாக எண்ணிவிடாதீர்கள்.

ஸ்லைடு முழுக்கத் தேடி ஒன்றிரண்டு மட்டும் கிடைப்பவை அனேகமாக வெளியிலிருந்து வந்தவை. கடற்பஞ்சு நீரோடு பக்கத்து உயிரிகளின் முட்களையும் உள்ளிழுத்துக்கொள்ளும். அழகிய வலைப்பின்னலோடு வட்டமாகத் தெரிவது டயட்டம் என்ற நுண்பாசியின் ஓடு.

8. சட்டகம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது?

ஸ்பிக்யூல் பட்டியலோடு நின்றுவிடுபவர்கள் ஹாலிக்ளோனாவையும் ஹாலிகாண்ட்ரியாவையும் பிரிக்கவே முடியாது. இரண்டிலும் இருப்பது ஆக்சியாதான். ஆனால் ஹாலிக்ளோனாவில் அவை முனையோடு முனை சேர்ந்து ஒழுங்கான சிறு வலைக்கண்களாக நிற்கும். ஹாலிகாண்ட்ரியாவின் உட்பகுதியில் கொட்டிய வைக்கோல் போலக் குழம்பிக் கிடக்கும், மேல்தோலில் மட்டும் படுக்கையாக விரிந்திருக்கும். பிளீச் இந்த அமைப்பு முழுவதையும் அழித்துவிடும், ஆகவே தனியாக வெட்டுத்துண்டு வேண்டும்.

எத்தனாலில் கெட்டியான மாதிரியிலிருந்து புதிய பிளேடால் இரு துண்டு சீவுங்கள்: மேற்பரப்புக்குச் செங்குத்தாக ஒன்று, மேற்பரப்பை ஒட்டித் தோல்போல ஒன்று. தடிமன் அரை மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. தூய எத்தனாலில் சில மணி நேரம் வைத்து நீரை முழுக்க வெளியேற்றி, கிராம்பு எண்ணெயில் தெளிய விட்டு, பிசினில் பதியுங்கள். நீர் மிச்சமிருந்தால் துண்டு பால் போல வெளுத்துவிடும். மறுபடி எத்தனாலுக்குத் திரும்புங்கள். பிசின் முழுக்க இறுகப் பல நாள் ஆகும், அதுவரை ஸ்லைடைச் சாய்க்காதீர்கள்.

9. ஸ்பிக்யூலே இல்லாவிட்டால்

பிளீச்சுக்குப் பின் குழாயில் ஒன்றுமே மிஞ்சாவிட்டால் பிழை என்று பதறாதீர்கள். குளியல் பஞ்சு தரும் ஸ்பாஞ்சியா முதலியவற்றுக்கு ஸ்பாஞ்சின் நார் மட்டுமே சட்டகம். இவற்றை வெட்டுத்துண்டில்தான் பார்க்க வேண்டும். நார்கள் வலையாகப் பின்னுகின்றனவா, மரம் போலக் கிளைக்கின்றனவா? நாரின் நடுவில் கருமையான மென்மையான உள்ளீடு இருக்கிறதா? மணல் அடைந்திருக்கிறதா? டைசிடியாவின் நார்களில் மணலும் பிறர் ஸ்பிக்யூலும் நிறைந்திருக்கும், ஆகவே அதைப் பிளீச்சில் போட்டால் பத்து வகை ஸ்பிக்யூல் கிடைத்துக் குழப்பும். கான்ட்ரோசியா, ஹாலிசார்கா இரண்டிலும் ஸ்பிக்யூலும் இல்லை, நார்ச்சட்டகமும் இல்லை. இங்கே 3ஆம் படியில் எழுதிய குறிப்புகளே கைகொடுக்கும்.

10. பெயர் வைப்பது

பேரினம் வரை செல்லும் திறவுகோலுக்கு இன்றும் அடிப்படை நூல் 2002இல் வந்த சிஸ்டமா போரிஃபெராதான். ஆனால் டெமோஸ்பாஞ்சியே வகுப்பின் வரிசைகள் 2015இல் பெரிதும் மாற்றியமைக்கப்பட்டன. ஹாட்ரோமெரிடா, ஹாலிகாண்ட்ரிடா என்ற பழைய வரிசைகள் இப்போது வழக்கில் இல்லை. நூலில் பேரினத்தைக் கண்டுபிடித்துவிட்டு, அதன் இன்றைய இடத்தையும் ஏற்கப்பட்ட பெயரையும் வேர்ல்ட் போரிஃபெரா டேட்டாபேஸ் தளத்தில் சரிபாருங்கள்.

இனப்பெயர் சொல்ல, அதே கடற்பகுதியின் இனங்களுக்கான மூல விவரிப்போடு உங்கள் ஸ்பிக்யூல் அளவுகளை ஒப்பிட வேண்டும். தொலைதூரக் கடலில் விவரிக்கப்பட்ட பெயர் ஏறக்குறையப் பொருந்துகிறது என்பதற்காக ஒட்டிவிடாதீர்கள்; பல பிழைகள் அப்படித்தான் பரவின. உறுதியில்லை என்றால் 'ஹாலிக்ளோனா எஸ்பி. 1' (இனம் உறுதியாகாத ஹாலிக்ளோனா, எண் 1) என்று நிறுத்துவது முழுக்க மதிப்பான விடை. டி.என்.ஏ. எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். விலங்கினங்களைப் பிரித்தறிய வழக்கமாகப் பயன்படுத்தும் சி.ஓ.ஐ. மரபணு கடற்பஞ்சுகளில் மெதுவாக மாறுவதால் நெருங்கிய இனங்களை அது பல நேரம் பிரித்துக் காட்டாது.

ஒரு மாதிரிக்கு, காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து, முதல் முறை ஒரு வாரம் ஒதுக்குங்கள். வல்லுநரிடம் கேட்பதாக இருந்தால் உயிரோடு எடுத்த படம், உட்புறப் படம், தொட்டுணர்ந்த குறிப்பு, இரு ஸ்லைடுகள், அளவு அட்டவணை, அனுமதியின் நகல் ஆகியவற்றை ஒரே எண்ணின் கீழ் அனுப்புங்கள். எத்தனால் எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் கூரியரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர்கள் விதிப்படி சிப்பமிடுங்கள். மறைத்து அனுப்பிய பெட்டி வழியில் நிறுத்தப்பட்டால் மாதிரியை மறந்துவிட வேண்டியதுதான்.